கல்லில் எழுதிய கலைமகள்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் தெற்கு நோக்கிப் புறப்படுவோருக்கு முதலில் தறியோசை கேட்கும் பாலராமபுரம் வரும். அதனைக் கடந்தால் நெய்யாறு. ஆற்றின் கரையிலே நெய்யாற்றின்கரை. அதற்கும் அப்பால் பாறசாலை. இன்னும் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளைச் சந்தை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அடுக்களையில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் அந்த எல்லையோரக் கிராமங்களில் பல உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வாழும் நேயர்கள் பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டுப் போனவர்கள். நாங்களோ ஊரை விட்டு ஓர் அடியும் நகராமலேயே வெளிமாநிலத் தமிழராகிவிட்டவர்கள். பிற்காலத்தில் உத்தியோகத்தின் பொருட்டு நானும் டில்லிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பது வேறு கதை.

பாறசாலைக்கு அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டின் நடுஅறையில் ஒரு சரஸ்வதி படம் உண்டு. பாறையின்மீது அமர்ந்து வீணை மீட்டும் கலைமகள். அருகிலே ஒரு மயில். "இது ரவிவர்மா எழுதின படம்" என்று ஆச்சி சொல்வாள். சொல்லும்போது குரல் சற்றே தாழும். கிளிமானூர் அரண்மனையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது போன்ற ஒரு தோரணை! சென்ற ஆண்டு வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டிய நிலை வந்தது. அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்ததாகவும், படத்துக்கு நல்ல விலை தருவதாகச் சொன்னதாகவும், "நீ சரி என்று சொன்னால் கொடுத்துவிடுகிறேன்" என்றும் கூறினார். சட்டத்தின் பின்பலகையைக் கறையான் அரித்திருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாகச் சட்டத்துக்குள் மறைந்திருந்த அடிவிளிம்பு வெளிப்பட்டது. அதிலே ஆங்கில எழுத்தில் சிறிதாக, "ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா" என்று அச்சிட்டிருந்தது. "அப்படியானால் இது கையால் எழுதிய படம் இல்லையா?" என்று அண்ணன் கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆச்சி ஏமாற்றப்பட்டுவிட்டாளே என்ற கோபமும் சிறிது இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றபோது எனக்குக் கிடைத்த செய்திகளையே இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லோனாவ்லா என்பது பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே மலைமேல் உள்ள ஊர். 1894-ஆம் ஆண்டில் இரவிவர்மாவும் அவருடைய தம்பி இராஜவர்மாவும் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் தொடங்கினர். எண்ணெய் வர்ணத்தில் எழுதிய படம் ஒன்று, ஒரு மாளிகைச் சுவரில்தான் தொங்க முடியும். அதே படம் அச்சேறினால் ஆயிரம் குடிசைகளுக்குப் போகும். இந்த யோசனையை இரவிவர்மாவுக்கு முதலில் கூறியவர் திவான் மாதவராவ் என்பர். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த அதே மாதவராவ்தான். அச்சுக்கூடத்துக்கு வேண்டிய இயந்திரங்களும் கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். பின்னர் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது, கடனும் பெருகியது. அச்சுக்கூடம் லோனாவ்லாவுக்கு அருகே உள்ள மளவ்லிக்கு மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவிவர்மா அதனைத் தம்மிடம் பணியாற்றிய பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். ஆகவே எங்கள் ஆச்சியின் தாயார் காலத்தில் வாங்கப்பட்ட சரஸ்வதி, மலையாளத்தில் கருவாகி, மராட்டியத்தில் பிறந்து, ஒரு ஜெர்மானியரின் மேற்பார்வையில் கல்லிலிருந்து காகிதத்துக்கு இறங்கி வந்தவள்.

கல்லிலிருந்து என்றேன். அதனைச் சிறிது விளக்க வேண்டும். ஜெர்மனியில் அலாய்ஸ் செனபெல்டர் என்ற நாடகாசிரியர் இருந்தார். தம் நாடகங்களை அச்சிடப் போதிய பணம் இல்லாத காரணத்தால், மலிவான அச்சு முறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் சலவைக்காரி வந்து நிற்க, கணக்கெழுதக் கையருகே காகிதம் இல்லாமற்போகவே, அருகில் கிடந்த வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மீது மெழுகு கலந்த மையால் எழுதிவைத்தாராம். அந்தச் சலவைக் கணக்கிலிருந்தே கல்லச்சு பிறந்ததாக அவரே கூறியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று ஏற்கா என்ற, நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான் இந்தத் தொழிலின் அடிப்படை. கல்லிலே கொழுப்புச் சேர்ந்த குச்சியால் படத்தை எழுதுவார்கள். அதன்மேல் பிசினும் மெல்லிய திராவகமும் பூசிப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை நனைத்து, எண்ணெய்ப் பசையுள்ள மையை உருளையால் ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளும். எழுதிய இடம் மட்டும் ஏற்றுக்கொள்ளும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இறங்கிவிடும்.

ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். முகத்தின் செம்மைக்கு ஒன்று, நிழலின் நீலத்துக்கு ஒன்று, பொற்கரைக்கு ஒன்று என்று, நல்ல படம் ஒன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் வேண்டியிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் படத்தை இடவல மாற்றத்தோடு எழுதவேண்டும். ஒரே காகிதம் அத்தனை கற்களின்மேலும், மயிரிழையும் பிசகாமல், மாறி மாறி அமரவேண்டும். பிசகினால் தேவியின் உதட்டுச் சிவப்பு உதட்டில் நிற்காது, கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியில் எழுதியதுபோல் தோன்றுமாறு இழைச் சுவடும் பதிப்பார்கள். எங்கள் ஆச்சி விரலால் தடவிப் பார்த்துக் கையால் எழுதியது என்று நம்பியதில் வியப்பில்லை. அவ்வாறு நம்பவேண்டும் என்பதற்காகவே அச்சுக்காரர் அத்தனை பாடுபட்டிருக்கிறார்.

அந்தக் கற்களில் எழுதியவர்களின் பெயர் படத்தில் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் எனக்கு இது புதிதன்று. ஒரு சுற்றறிக்கை மூன்று மொழிகளில் வெளிவரும். கையொப்பமிட்ட அதிகாரியின் பெயர் மூன்றிலும் இருக்கும். மொழிபெயர்த்தவர் பெயர் எதிலும் இராது. அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. சம்பளம் மாதந்தோறும் வந்துவிடுகிறது. ஆயினும், ஓவியனுடைய தூரிகை மொழியைக் கல்லின் மொழிக்கு மாற்றியவர்களை நினைக்கும்போது ஓர் உறவு முறை தோன்றத்தான் செய்கிறது.

நிற்க. இரவிவர்மாவின் கைப்படங்களையே காண விரும்புவோர் திருவனந்தபுரம் பொருட்காட்சிச்சாலைத் தோட்டத்துக்குச் செல்லவேண்டும். பள்ளிப் பருவத்தில் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளை ஒரு வாடகைப் பேருந்தில் ஏற்றி அங்கே அழைத்துச் சென்றார்கள். மிருகக்காட்சிசாலையில் புலியைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்குச் சித்திரம் எம்மாத்திரம்! இராபர்ட் சிஷம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அமைத்து, 1880-ஆம் ஆண்டில் முடிவுற்ற நேப்பியர் பொருட்காட்சிச்சாலையின் வர்ணக் கோடுகளே என் நினைவில் அதிகம் நின்றன. அதன் அருகே, 1935-ஆம் ஆண்டில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் ஸ்ரீ சித்ராலயம் என்ற பெயரோடு சித்திரசாலை திறக்கப்பெற்றது. அதனை அமைப்பதில் துணைநின்றவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர். அன்னி பெஸன்ட் அம்மையாரின் அழைப்பின்பேரில் 1915-இல் சென்னைக்கு வந்து, பின்னர் இந்தியாவிலேயே தங்கிவிட்டவர். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலையின் அமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அன்னம் தூது சொல்லக் கேட்கும் தமயந்தியும், காலில் முள் தைத்ததாகப் பாசாங்கு செய்து துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும் இந்தச் சித்ராலயத்துப் பொக்கிஷங்கள். 2023-இல் இதே தோட்டத்தில் இரவிவர்மாவின் படங்களுக்கெனத் தனிக் கட்டடம் ஒன்றும் திறக்கப்பட்டிருக்கிறது.

எண்ணெய் வர்ணம் என்பது ஐரோப்பியர் கொண்டுவந்த கலை. அதனை இரவிவர்மா எவ்வாறு கற்றார்? இங்கேதான் நம்மவர் இருவர் கதைக்குள் வருகிறார்கள். பதினான்கு வயதுச் சிறுவனாக 1862-இல் இரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, எண்ணெய் வர்ணம் தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு. சுவாதித் திருநாள் காலத்திலேயே அழகிரி நாயுடு என்ற மதுரை ஓவியர் அவ்வரண்மனையில் புகழோடு விளங்கியதுண்டு. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓவியத்துக்கு எல்லைக்கோடு இருந்ததில்லை. ஆனால் இராமசாமி நாயுடு அந்தச் சிறுவனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். தமக்கு ஒரு போட்டியாளன் முளைப்பதை அவர் விரும்பவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்பவரோ, குருவுக்குத் தெரியாமல் இரவு வேளைகளில் வந்து, வர்ணம் குழைக்கும் நுட்பங்களை இரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று இரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

1868-ஆம் ஆண்டில், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் உருவப்படத்தை எழுதத் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மகாராஜா கேட்டுக்கொண்டதன்பேரில், தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றார் இரவிவர்மா. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1873-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காகக் கவர்னரின் தங்கப்பதக்கம் பெற்றார். அதே படம் வியன்னாக் கண்காட்சியிலும் பாராட்டுப் பெற்றது.

இராமசாமி நாயுடுவைக் கடிந்து பேசுவது எளிது. நான் அவ்வாறு பேசமாட்டேன். அரண்மனைச் சம்பளம் ஒன்றையே நம்பி, வேற்றூரில் வாழ்ந்த தொழிலாளி அவர். எதிரே நின்று கற்பிக்கக் கேட்டவனோ அரண்மனைக்கு உறவுடைய குடும்பத்துப் பிள்ளை. வெளியூரில் உழைக்கும் நேயர்களுக்கு அந்த அச்சம் என்னவென்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஆறுமுகம் பிள்ளை ஏன் துணிந்தார் என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். குரு அறிந்திருந்தால் அவருடைய பிழைப்பே போயிருக்கும். அவர் எழுதிய படம் எதையும் நான் கண்டதில்லை. இரவில் அவர் கற்பித்ததன் பயனை மட்டும் சித்ராலயத்துச் சுவர்களில் கண்டிருக்கிறேன்.

சித்ராலயத்தில் ஐரோப்பியர் கையால் எழுதிய படங்களையே தேடுவோருக்கு ரோரிக் என்ற பெயர் காத்திருக்கிறது. நிக்கலஸ் ரோரிக் இரஷ்யர். 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1913-இல் பாரிஸ் மாநகரையே கூச்சலில் ஆழ்த்திய ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்த நடனத்துக்கு மேடைக் காட்சிகளையும் உடைகளையும் அமைத்தவர் இவரே. பின்னர் இமயம் அவரை இழுத்துக்கொண்டது. குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியேறி, 1947 டிசம்பரில் அங்கேயே மறைந்தார். பனிமலையை வெள்ளையாக எழுதுவதுதான் வழக்கம் என்று நினைப்போர் அவருடைய படங்களைப் பார்க்கவேண்டும். ஊதாவும் நீலமும் செந்நிறமுமாக மலைகள் எரியும். தென்னையும் கயலுமாக விளங்கும் திருவனந்தபுரத்தின் வியர்வை வெயிலில் நடந்துவந்து, திடீரென்று அந்தக் குளிரின் முன்னே நிற்பது ஒரு விசித்திர அனுபவம். இளமையில் அதை நான் கண்டும் காணாமல் தாண்டிப்போயிருக்கிறேன். டில்லிக்கு வந்து, ஒரு விடுமுறையில் குலுவின் மாலை நேரத்தைக் கண்ட பிறகே, அவர் வர்ணத்தைக் கூட்டி எழுதவில்லை என்று தெரிந்தது.

போர்க்காலத்தில் பொருட்காட்சிச்சாலைகளையும் கலைக்கூடங்களையும் தாக்கலாகாது என்ற உடன்படிக்கை ஒன்று இவருடைய முயற்சியால் உருவாகி, 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளால் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டில்தான் சித்ராலயமும் திறக்கப்பட்டது. மகன் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கின் படங்களும் இங்கே உண்டு. அவர் நடிகை தேவிகா ராணியை மணந்து, பெங்களூர் அருகே வாழ்ந்து, 1993-இல் காலமானார்.

இவர்களுக்கு முன்னரும் ஐரோப்பிய ஓவியர் நம் பக்கம் வந்ததுண்டு. 1769-இல் சென்னையில் வந்திறங்கிய டில்லி கெட்டில், ஆர்க்காட்டு நவாபின் உருவத்தை எழுதினார். அவருக்குப் பின்னர் உருவப்பட ஓவியர் பலர் வந்தனர். பெரும்பாலோர் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பினர். அவர்களைவிட எனக்கு உவப்பானவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்கோடி வரை அலைந்து, மதுரையையும் பாபநாச அருவியையும் வரைந்தனர். களக்காட்டுப் பக்கத்திலிருந்து குமரிமுனைத் திசையை நோக்கி அவர்கள் எழுதிய காட்சியிலே தெரிவது எங்கள் மலைத்தொடரின் கிழக்கு முகம். நாங்கள் மேற்கு முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். லண்டனுக்குத் திரும்பி, செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, திராவகத்தால் அரித்து, நிழலின் படிகளை நீர்வர்ணம் போலவே கொண்டுவரும் முறையில், 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர். கல்கத்தா நேயர்கள் இதற்காகத் தெற்கே வரவேண்டியதில்லை. விக்டோரியா நினைவு மண்டபத்தில் டேனியல்களின் ஓவியங்கள் ஏராளமாக உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று பாருங்கள். பரோடாவில் இருப்பவர்கள் அங்குள்ள ஐரோப்பிய ஓவியப் பகுதியைத் தவறவிடவேண்டாம். பம்பாயில் இருப்பவர்களுக்கு டாட்டா குடும்பத்தினர் வழங்கிய ஐரோப்பியப் படங்கள் பழைய வேல்ஸ் இளவரசர் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றன.

எங்கள் சரஸ்வதிக்குத் திரும்புகிறேன். அண்ணன் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சிறு வயதில் நாள்தோறும் கண்டும் கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. தேவியின் வெண்சேலைக் கரையிலே அச்சின் பொன் இல்லை. உண்மையான கசவு நூல் இருந்தது. காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, சேலைக்கரை நெடுகிலும், வீணையின் கழுத்திலும், யாரோ நுணுக்கமாகத் தைத்திருக்கிறார்கள். அச்சுப்படங்களுக்கு இவ்வாறு சரிகையும் மணியும் துணியும் வைத்துத் தைப்பது அக்காலத்துப் பெண்கள் பலரும் செய்த வேலைதான் என்று பின்னர் அறிந்தேன். ஊரில் இருக்கும் முதிய அத்தையைக் கேட்டேன். தைத்தவள் ஆச்சியின் தாயார். பாலராமபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ்நாட்டிலிருந்து மகாராஜா காலத்தில் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நெசவாளர் குலத்துப் பெண். தன் கலியாண நேரியது கிழிந்து நைந்துபோனபின், அதன் கரையிலிருந்து நூலை உருவியெடுத்துத் தேவிக்குத் தைத்தாளாம். "வடக்கத்திக் கட்டு கட்டியிருக்கா, கரையாவது நம்ம கரையா இருக்கட்டும்" என்றாளாம்.

அண்ணனை அழைத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வியாபாரி வேறொன்றும் சொன்னார்" என்றார். நூல் தைத்திருப்பது படத்தைக் கெடுத்துவிட்டதென்றும், அதைப் பிரித்துக் கொடுத்தால் இன்னும் ஆயிரம் ரூபாய் கூடத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அண்ணியார் அதன்படியே கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் நாலைந்து தையலைப் பிரித்தும்விட்டாராம். நூலை உருவிய இடத்தில் வரிசையாகத் துளைகள் தெரிந்தனவாம். துளை விழுந்த படம் தமக்கு வேண்டாம் என்று வியாபாரி அன்றே கைவிட்டுப் போய்விட்டார்.

"அப்படியானால் இது கைப்படமா, அச்சுப்படமா?" என்று அண்ணன் மீண்டும் கேட்டார். இரண்டும்தான் என்றேன். கல்லில் எழுதிய பெயரறியாத ஒருவரையும், கசவு தைத்த எங்கள் முப்பாட்டியையும் எண்ணிக்கொண்டு சொன்னேன். அவருக்கு அந்த விடை முழுவதும் திருப்தி அளித்ததாகத் தெரியவில்லை.

பாகப் பத்திரத்தில் படத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டில்லியின் வறண்ட காற்று அந்தக் காகிதத்தை ஒடித்துவிடும். சில குறிப்புகளை மட்டும் எழுதியனுப்பினேன்: மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டலாகாது, வெயிலில் முதலில் வெளுத்துப்போவது சிவப்பு. விளக்குப் புகை எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். பின்பலகையும் காகிதமும் ஒட்டாதபடி இடையே தூய பருத்தித் துணியை வைக்கவேண்டும். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். இத்தகைய பழைய படம் வீட்டில் வைத்திருக்கும் நேயர்களும் இவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

சென்ற வாரம் அண்ணனிடமிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே, அண்ணியார் பிரித்தெடுத்த நூல், ஒரு விரற்கடை நீளம், கறுத்துப்போயிருக்கிறது. வெள்ளிமேல் பொன் முலாம் பூசிய பழைய சரிகை அவ்வாறுதான் கறுக்குமாம். ஓணத்துக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால், பழைய துளைகளிலேயே திரும்பத் தைத்துவிடலாம் என்று அண்ணியார் கைப்பட எழுதியிருக்கிறார்.